எடைமேடை அறியாத நடை

மாடு என்றால் மாடுதான் என்பது அமெரிக்கத் தென்மேற்கின் கால்நடைப் பண்ணைகளில் வேரோடிப்போன நம்பிக்கை. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நிற்கும், கிட்டத்தில் உள்ள புல்லை மேயும், வெயில் ஏறினால் நிழலில் படுக்கும். எந்த இனமானாலும் அப்படித்தான். இனத்தைத் தேர்ந்தெடுப்பது சந்தையில் கிடைக்கும் எடைக்காக. நிலத்தில் மாடு எப்படி மேய்கிறது என்பதை வேலியும் தொட்டியும் தலைக்கணக்கும் பார்த்துக்கொள்ளும். ஏல மையம் முதல் மேய்ச்சல் நில மேலாண்மைப் பாடம் வரை இந்த நம்பிக்கைதான் பேசுகிறது.

இந்த நம்பிக்கை தவறு. அதைத் தவறென்று காட்டும் சான்றுகள் வேறெங்கிருந்தோ வரவில்லை. அதே பாலைநிலத்தில், அதே வேலிகளுக்குள், அதே தொட்டிகளில் தண்ணீர் குடித்த மாடுகளின் காலடிகளிலிருந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாகச் சேர்ந்தவை அவை.

இடத்தை முதலில் பார்க்க வேண்டும். நியூ மெக்சிகோ மாநிலத்தில், லாஸ் குரூசஸ் நகருக்கு வடக்கே, சிவாவா பாலைவனத்தின் விளிம்பில் ஜோர்னாடா ஆய்வு மேய்ச்சல் நிலம் இருக்கிறது. 1912-ல் தொடங்கப்பட்டது, பரப்பு ஏறத்தாழ 78,000 ஹெக்டேர். ஆண்டு மழை 250 மி.மீ.யை ஒட்டி, தமிழ்நாட்டுச் சராசரியில் ஏறக்குறைய கால்பங்கு. அதிலும் பாதிக்கு மேல் ஜூலை முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மெக்சிகோ நகரத்திலிருந்து சாந்தா ஃபே வரை போன பழைய ஸ்பானியப் பாதையில் தண்ணீரே இல்லாத நெடும்பகுதி இது. அதற்கு ஸ்பானியர் வைத்த பெயர் ‘ஜோர்னாடா டெல் முயெர்த்தோ’. செத்தவனின் பயணம் என்று பொருள்.

இந்த நிலம் எப்போதும் இப்போதுபோல் இருந்ததில்லை. 1858-ல் எடுத்த நில அளவைக் குறிப்புகளையும் 1963-ல் கண்ட நிலையையும் ஒப்பிட்ட ஆய்வு, தொடக்கத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேலான பரப்பில் நல்ல புல் இருந்ததாகவும், நூறாண்டு கழித்து அது கால்பங்குக்கும் கீழே சரிந்ததாகவும் காட்டியது. புல்லின் இடத்தை மெஸ்கீட் புதர் பிடித்துக்கொண்டது. அது நம் ஊர்ச் சீமைக் கருவேலத்தின் நெருங்கிய உறவு. அங்கேயும் இங்கேயும் கதை ஒன்றுதான்: இனிப்பான நெற்றை மாடு தின்னும், விதையைச் சாணத்தோடு தொலைவில் போடும், மழை வந்ததும் முள் முளைக்கும். வறட்சியும், அளவுக்கு மீறி மாடுகளை விட்டதும், புல்லில் தீ பரவாமல் போனதும் சேர்ந்து அந்த நிலத்தை மாற்றின. ஆகவே அங்கே மாடு எங்கே மேய்கிறது, எவ்வளவு நேரம் ஒரே இடத்தில் நிற்கிறது என்ற கேள்வி நிலத்தின் உயிர் பற்றிய கேள்வி.

நிலவும் கருத்துக்கு அதன் நியாயத்தைக் கொடுத்தாக வேண்டும். அதைச் சொல்பவர்கள் நிலத்தை அறியாதவர்கள் அல்ல. நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெர்ரி ஹோலெசெக் 1988-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்றுவரை மேய்ச்சல் நிலக் கணக்கின் அடித்தளம். தண்ணீரிலிருந்து ஒரு மைலுக்குள் இருக்கும் புல்லை முழுக்கக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். ஒன்று முதல் இரண்டு மைலுக்குள் இருப்பதில் பாதியைக் கழிக்க வேண்டும். இரண்டு மைலுக்கு அப்பால், அதாவது 3.2 கிலோமீட்டரைத் தாண்டினால், புல் இருந்தும் இல்லாத கணக்கு. சரிவான நிலத்துக்கும் இதுபோலக் கழிவு உண்டு. சரிவு 60 விழுக்காட்டைத் தாண்டினால் முழுக் கழிவு. இந்தக் கணக்கு பல பண்ணைகளைக் காப்பாற்றியிருக்கிறது. எட்டாத புல்லை எட்டும் என்று நம்பி மாடுகளைக் கூட்டியவர்கள் தொட்டியோரத்தைப் பொட்டலாக்கியதைக் கண்ட பிறகு எழுதப்பட்டது அது.

ஆனால் அந்தக் கணக்கில் தூரத்துக்கு ஒரு நிரல் உண்டு, சரிவுக்கு ஒரு நிரல் உண்டு, இனத்துக்கு நிரல் இல்லை. ‘மாடு’ என்று அதில் வருவது பெரும்பாலும் வட ஐரோப்பாவின் ஈரமான புல்வெளிகளில் உருவாகி, அமெரிக்கப் பண்ணைகளுக்கு வந்த ஹியர்ஃபோர்டும் ஆங்கஸும்தான். ஒரு வகை மாட்டின் பழக்கம் மாட்டினத்தின் இயல்பாகப் பதிவாகிவிட்டது. பிழை அங்கே தொடங்குகிறது.

பாலைநிலத்தில் ஒரு பசுவின் நாள் எப்படிப் போகிறது? விடியலில் ஒரு நீண்ட மேய்ச்சல், பொழுது சாயும்போது இன்னொன்று. இடையில் சிறு சிறு மேய்ச்சல்கள். ஒரு நாளில் எட்டு முதல் பத்து மணி நேரம் வாய் புல்லில் இருக்கும். அதற்குக் கொஞ்சம் குறைவான நேரம் அசைபோடும். கோடையில் பகல் மேய்ச்சலின் ஒரு பகுதி இரவுக்குப் போய்விடும். இந்தச் சட்டகம் எல்லா இனத்துக்கும் பொது என்பதில் சண்டையில்லை. வேறுபாடு தண்ணீர் குடித்து முடித்த கணத்தில் பிறக்கிறது. வயிறு நிறையக் குடித்த பசு தொட்டியோரத்து நிழலிலேயே மாலைவரை நிற்கிறதா, அல்லது மூன்று கிலோமீட்டர் தள்ளி நேற்று மேயாத மேட்டை நோக்கி நடக்கிறதா? இந்த ஒரு முடிவு ஒரு மந்தையில் நாள்தோறும் நடக்கிறது. ஆண்டுக்கு முந்நூற்று அறுபத்தைந்து முறை திரும்பும்போது நிலத்தின் முகமே அதன்படி அமைகிறது. தொட்டியிலிருந்து வெளிநோக்கி வட்ட வட்டமாக மிதிபட்ட மண், சாணம், மொட்டைப் புல் என்று விரியும் கோலத்தை ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஆர். டி. லாங்கே 1969-லேயே ஆட்டு மந்தைகளைக் கொண்டு விவரித்தார்.

இந்த முடிவை இனம் மாற்றுகிறது என்பதற்கான முதல் சான்று ஜோர்னாடாவிலேயே கிடைத்தது. கார்ல்டன் ஹெர்பெலும் ஏ. பி. நெல்சனும் 1966-ல் ஹியர்ஃபோர்டு, சாந்தா கெர்ட்ரூடிஸ் என்ற இரண்டு இனப் பசுக்களின் அன்றாட நடவடிக்கைகளை ஒப்பிட்டு எழுதினார்கள். செயற்கைக்கோள் கருவி எதுவும் இல்லாத காலம். மாட்டின் பின்னாலேயே இருந்து கண்ணால் பார்த்து எழுதிய கணக்கு. ஹியர்ஃபோர்டைவிட சாந்தா கெர்ட்ரூடிஸ் ஒரு நாளில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தூரம் நடந்தது. டெக்சாஸின் கிங் பண்ணையில் உருவான அந்த இனத்தில் எட்டில் மூன்று பங்கு பிராமன் ரத்தம். அந்த பிராமனோ காங்கிரேஜ், கிர், ஓங்கோல் போன்ற இந்திய மாடுகளிலிருந்து அமெரிக்காவில் திரட்டப்பட்டது. வெப்ப நாட்டு ரத்தம் கலந்த மாடு கூடுதலாக நடந்தது என்ற செய்தி அறுபது ஆண்டுகளாக ஆய்விதழில் அச்சாகிக் கிடக்கிறது. கணக்கு அட்டவணைக்குள் அது நுழையவே இல்லை.

அடுத்த சான்று இன்னும் அழுத்தமானது. கொலம்பஸின் 1493-ஆம் ஆண்டுப் பயணத்தில் தொடங்கி ஸ்பானியர்கள் அமெரிக்கக் கண்டத்துக்குக் கொண்டுவந்த மாடுகளின் வழித்தோன்றல்கள் ‘கிரியோல்லோ’ எனப்படுகின்றன. மெக்சிகோவின் செப்புப் பள்ளத்தாக்குப் பகுதியில், ராராமுரி பழங்குடி மக்களிடம், அதில் ஒரு வகை பிற இனக் கலப்பு அதிகமின்றித் தங்கிவிட்டது. சிறிய உடல், கொம்பு, பல நிறத் தோல். தீவனமும் மருந்தும் அதிகம் பார்க்காமல், செங்குத்தான மலையிலும் காய்ந்த பள்ளத்திலும் நானூறு ஆண்டுகளுக்கு மேல் பிழைத்த மாடு. 2000-களின் நடுவில் அதில் ஒரு சிறு மந்தையை ஜோர்னாடாவுக்குக் கொண்டுவந்து, கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை கட்டி, ஐரோப்பிய இனப் பசுக்களோடு ஒப்பிட்டார்கள்.

பட்டைகள் சொன்னது இது. மழைக்குப் பின் புல் செழித்த பருவத்தில் இரண்டு வகை மாடுகளும் ஏறத்தாழ ஒரே மாதிரி மேய்ந்தன. புல் அருகிய பருவத்தில் பாதைகள் பிரிந்தன. ஆங்கஸும் அதன் கலப்புகளும் பழகிய சில இடங்களில் குவிந்தன. கிரியோல்லோ தன் வட்டத்தை விரித்துக்கொண்டு பெரும் பரப்பில் பரவியது. 2011-ல் வெளியான முதல் ஒப்பீட்டிலும் 2019-ல் வெளியான விரிவான ஒப்பீட்டிலும் இந்தப் பருவப் பிரிவு திரும்பத் தெரிந்தது. உடல் வெப்பத்தையும் நடையையும் சேர்த்து அளந்த ஆய்வும் அங்கே நடந்தது. கடும் வெயில் நாள்களில் கிரியோல்லோவின் உடற்சூடு குறைவாகவும் நடை கூடுதலாகவும் இருந்தன. சிறிய உடல் தன் எடைக்கு அதிகத் தோற்பரப்பைக் கொண்டது, ஆகவே சூட்டை விரைவில் இறக்கிவிடும் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை.

கன்று இன்னொரு காரணம். மேய்ச்சல் நிலத்தில் சில பசுக்கள் கன்றைப் புதருக்குள் ஒளித்துவிட்டுப் போகும்; சில தாய்களின் பின்னாலேயே கன்று நடக்கும். ஒளித்துவிட்டுப் போன தாய் எவ்வளவு தூரம் போனாலும் மடி கனத்ததும் திரும்பியாக வேண்டும். பின்தொடரும் கன்றின் தாய்க்கு அந்தக் கயிறு இல்லை. தாய்க்கும் கன்றுக்கும் இடையே உள்ள தொலைவையும் பட்டைகளால் அளந்து, பால் கொடுக்கும் கிரியோல்லோப் பசுக்களின் மேய்ச்சலை ஆராய்ந்திருக்கிறார்கள். எடைமேடையில் நிற்கும் பசுவிடம் இதில் எதுவும் தெரியாது.

இனி எதிர்வாதங்கள். முதலாவது: நல்ல பருவத்தில் வேறுபாடே இல்லை என்றால் எதற்கு இந்த ஆரவாரம்? நிலத்தைக் கெடுப்பது நல்ல பருவம் அல்ல என்பதே பதில். ஜூலை மழைக்கு முந்தைய வாரங்களில், பழைய புல் காய்ந்து, புதுக் குருத்து இன்னும் வராதபோது, அங்கே வளரும் கருங்கிராமாப் புல்லின் ஒரே தூரை மூன்றாவது முறையும் நான்காவது முறையும் கடிப்பதுதான் அதைச் சாகடிக்கிறது. வேறுபாடு தோன்றுவது சரியாக அந்த வாரங்களில். ஆண்டு முழுவதற்கும் சராசரி போட்டுப் பார்ப்பவருக்கு அது சிறிதாகத் தெரியும். புல்லுக்கு அப்படித் தெரியாது.

இரண்டாவது எதிர்வாதம் வலுவானது. நடப்பதும் நிற்பதும் ரத்தத்தில் இல்லை, வளர்ப்பில் இருக்கிறது என்பது அது. இதற்குச் சான்றும் உண்டு. லாரி ஹவரி குழுவினர் ஐடஹோவில் கன்றுகளை வேறு தாய்களிடம் மாற்றி வளர்த்துப் பார்த்தபோது, வளர்ந்த பிள்ளைகள் பெற்ற தாயின் இடத்தைவிட வளர்த்த தாயின் இடத்தையே நாடின. இதை மறுக்க வேண்டியதில்லை, மதிக்க வேண்டும். நல்ல நடைமாட்டின் விந்தணுவை மட்டும் வாங்கி வந்து மந்தையின் பழக்கத்தை மாற்றிவிட முடியாது என்பதை இது சொல்கிறது. ஆனால் வளர்ப்பு மட்டுமே காரணம் என்ற முடிவு மொன்டானாவில் உடைகிறது. அங்கே டெரிக் பெய்லியும் அவருடைய சக ஆய்வாளர்களும் மலைச்சரிவுப் பண்ணைகளில் ஒரே நிலத்தில் மேய்ந்த பசுக்களைத் தந்தையின் இனப்படி பிரித்துப் பார்த்தார்கள். ஆல்ப்ஸ் மலையில் உருவான டாரன்டேஸ் காளையின் மகள்கள் ஹியர்ஃபோர்டு காளையின் மகள்களைவிட உயரமான இடங்களில் மேய்ந்தன. பியட்மான்டீஸ் காளையின் மகள்கள் ஆங்கஸின் மகள்களைவிட மேலே ஏறின. மேய்ச்சல் நிலத்தில் கன்றுக்கு வழிகாட்டுவது தாய்தான். காளை எந்த மகளுக்கும் மேட்டைக் காட்டிக் கொடுப்பதில்லை. தந்தைவழி வந்த இந்த வேறுபாட்டை வளர்ப்பு என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிட முடியாது. பழக்கமும் ரத்தமும் இரண்டுமே பசுவின் வழியாகத்தான் நிலத்துக்கு வருகின்றன.

அதே மொன்டானா ஆய்வு இன்னொரு அச்சத்தையும் போக்கியது. அதிகம் நடக்கும் மாடு தின்றதையெல்லாம் நடையில் செலவழித்து இளைத்துவிடும், கன்றும் சிறுக்கும் என்று பண்ணையாளர்கள் அஞ்சுவதுண்டு. மேட்டில் ஏறி மேய்ந்த பசுக்கள் உற்பத்தியில் பின்தங்கியதாக அங்கே தெரியவில்லை.

மூன்றாவது எதிர்வாதம் பணம். கிரியோல்லோக் கன்றுக்கு ஏலத்தில் விலை குறைவு. கொம்பு, பல நிறம், சிறிய சட்டகம். கொழுக்கவைக்கும் பண்ணைகள் கறுப்பு ஆங்கஸுக்குக் கொடுக்கும் விலையை இதற்குக் கொடுப்பதில்லை. இது உண்மை. பண்ணையாளரின் கடன் தவணை புல்லின் நலத்தைக் கேட்டு வருவதில்லை. ஆனாலும் கணக்கைத் தலைக்கு இவ்வளவு என்று போடுவதை நிறுத்தி, ஏக்கருக்கு இவ்வளவு என்று போட்டுப் பார்க்க வேண்டும். உயிரினத்தின் தீனித் தேவை எடையோடு நேராக ஏறுவதில்லை. எடையின் முக்கால் அடுக்கில் ஏறுகிறது. அதன்படி 600 கிலோப் பசு தின்பதில் ஏறத்தாழ 74 விழுக்காட்டை 400 கிலோப் பசு தின்னும். மூன்று பெரிய பசுக்களுக்கான புல்லில் நான்கு சிறிய பசுக்கள் பிழைக்கும். மூன்று கன்றுக்குப் பதில் நான்கு கன்று. சிறிய கன்றின் எடை பெரிய கன்றின் எடையில் முக்கால் பங்கு இருந்தாலே நிலம் தரும் மொத்த எடை சமமாகிவிடுகிறது. கிலோவுக்கு விலை குறைவு என்ற குறை மிஞ்சும். அதை ஈடுகட்டத்தான் கிரியோல்லோப் பசுவை இறைச்சி இனக் காளையோடு சேர்த்துக் கலப்புக் கன்று எடுக்கிறார்கள். தாய் பாலையில் நடக்கும், கன்று சந்தைக்கு ஒத்துவரும். வறண்ட மாதங்களில் விலை கொடுத்து வாங்கும் தீவனமும், பெரிய கன்றை ஈன முடியாமல் தவிக்கும் கிடேரிக்கு ஆகும் செலவும் எடைச்சீட்டில் எழுதப்படுவதில்லை. அவையும் பண்ணையாளரின் பையிலிருந்துதான் போகின்றன.

எதிர்த்திசையிலிருந்து வரும் வாதமும் உண்டு. பாலைநிலத்தைக் கெடுத்தது மாடு. எந்த மாடானாலும் எண்ணிக்கையைக் குறை, முடிந்தால் அகற்று என்பது அது. எண்ணிக்கைதான் முதல் காரணி என்பதில் இங்கே மறுப்பில்லை. நூறு மாடு தாங்கும் நிலத்தில் இருநூறு மாட்டை விட்டால் எந்த இனமும் காப்பாற்றாது. ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்களும் மாடு என்றால் மாடுதான் என்ற அதே நம்பிக்கையின் மேல் நிற்கிறார்கள். நூறு மாடு நிலத்தின் ஐந்தில் ஒரு பங்கில் குவிவதும் நிலமெங்கும் பரவுவதும் தலைக்கணக்கில் ஒன்று. புல்லின் கணக்கில் ஒன்றல்ல.

அவர்கள் கேட்கும் ஒரு கேள்வி மட்டும் தட்டிக்கழிக்க முடியாதது. தொட்டியிலிருந்து தொலைவான இடங்கள் இதுவரை மாட்டுக்கு எட்டாததால் பிழைத்தன. காட்டுவிலங்குக்கும் புல்விதைக்கும் அவை புகலிடம். அதிகம் நடக்கும் மாடு அங்கேயும் போய்விட்டால்? இந்த அபாயம் உண்மையானது. அதனால்தான் இனத்தின் நடையைக் காரணம் காட்டி மாடுகளைக் கூட்டக் கூடாது. எட்டும் பரப்பு விரிந்தது என்பதற்காகத் தலைக்கணக்கை ஏற்றினால், பழைய பொட்டல் வட்டம் பெரிய பொட்டல் வட்டமாகும். நடை தரும் ஆதாயம் தொட்டியோரத்தின் சுமையை இறக்கப் பயன்பட வேண்டும். சில மூலைகளை வேலியிட்டு விட்டுவைக்கவும் வேண்டும்.

மண்ணின் மாட்டைக் கொண்டாடுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கிரியோல்லோ புதரைத் தின்று தீர்த்துப் புல்வெளியைத் திருப்பிக் கொண்டுவரும் என்ற பேச்சு பரவியிருக்கிறது. இனங்கள் தின்னும் செடிவகைகளில் அப்படிப்பட்ட பெரிய வேறுபாடு தெரியவில்லை. வேறுபாடு எதைத் தின்கிறது என்பதைவிட எங்கே தின்கிறது, எவ்வளவு தூரம் நடந்து தின்கிறது என்பதில் இருக்கிறது. அதுவே போதிய காரணம். அற்புதங்களைச் சேர்த்துச் சொன்னால் உண்மையான காரணமும் நம்பிக்கை இழக்கும்.

தமிழ்நாட்டில் இதே பிழை வேறு அளவுகோலோடு நடக்கிறது. இங்கே எடைக்குப் பதில் லிட்டர். காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கத்துக் கொறங்காடுகள் என்னும் மேய்ச்சல் நிலங்களில், முள்கிளுவை வேலிக்குள், வெள்வேல மரத்தடியில், கொழுக்கட்டைப் புல்லை மேய்ந்து வளர்ந்தது காங்கேயம் மாடு. டிராக்டரும் பம்புசெட்டும் உழவையும் நீரிறைப்பையும் அதனிடமிருந்து எடுத்துக்கொண்ட பிறகு, எத்தனை லிட்டர் கறக்கும் என்ற ஒரே கேள்வி மிஞ்சியது. ஜெர்சிக் கலப்புக்கு முன்னால் அது தோற்றுப்போனது. கொறங்காடு சில ஏக்கர் மட்டுமே கொண்ட வேலியடைப்பு. ஜோர்னாடாவின் மைல் கணக்கை அங்கே பெயர்த்து வைக்க முடியாது. பெயர்த்து வைக்க வேண்டியது கேள்வியை. சித்திரை வெயிலில் எந்த மாடு எத்தனை மணிக்கு மேய்ச்சலை நிறுத்துகிறது? காய்ந்த புல்லை எது தேடித் தின்கிறது, எது தீவனத் தொட்டியின் பக்கம் பார்த்துக் கத்துகிறது? கறவைப் பால் சங்கத்தில் அளக்கப்படுகிறது. கிணற்று நீரும் விலைத் தீவனமும் கேட்காமல் ஒரு பசு மானாவாரி நிலத்திலிருந்து தானே அறுத்துக்கொண்ட தீனி எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

இந்த அளவு இனி எட்டாத ஒன்றல்ல. ஹெர்பெல் காலத்தில் ஒரு பசுவின் ஒரு நாளை அறிய ஓர் ஆள் ஒரு நாளைக் கொடுக்க வேண்டியிருந்தது. இன்று ஒரு கழுத்துப்பட்டை ஒரு பருவம் முழுவதையும் சில நிமிடங்களுக்கு ஒரு புள்ளியாகக் குறித்துத் தருகிறது. மேய்ச்சல் கணக்கு அட்டவணையில் இனத்துக்கு ஒரு நிரல் சேர்க்கவும், அதைப் பருவவாரியாகப் பிரிக்கவும் தேவையான தரவு சேர்ந்துகொண்டிருக்கிறது. அடுத்த கிடேரியை வாங்கப் போகும் பண்ணையாளர் எடையைக் கேட்ட பிறகு இன்னும் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். மழைக்கு முந்தைய மாதத்தில் இதன் தாய் எவ்வளவு தூரம் நடந்தது? உச்சிவெயிலில் எங்கே நின்றது? மேயப் போனபோது கன்று அதன் பின்னால் வந்ததா?